‘வாசகர் எவரும் இல்லை’

பணிக்காலத்தில் நான் எழுதிய ஆய்வறிக்கைகளில் பெரும்பாலானவற்றை நானே மறந்துவிட்டேன். ஒன்று மட்டும் எழுத்துக்கு எழுத்து நினைவில் இருக்கிறது. நகரியை அடுத்த ஒரு நெசவு ஊரின் கிளை நூலகத்தைப் பற்றிய அறிக்கை அது. மொத்தம் நான்கு வாக்கியங்கள். முதல் மூன்றும் உண்மை. நான்காவது பொய். அந்த நான்காவதை வைத்துத்தான் நூலகத்தை மூடினார்கள்.

சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. கிளை நூலகங்களைச் சுற்றிப் பார்த்து, எது எப்படி நடக்கிறது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். எங்கள் ஆந்திராவில் வீட்டு வரியோடு சேர்த்து நூலகத்துக்கென்று ஒரு பங்கு வசூலிக்கிறார்கள். ரசீதில் அது தனி வரியாகவே அச்சாகியிருக்கும். கட்டுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை. வசூலிக்கிற நகராட்சியும் பஞ்சாயத்தும் அதைப் பிரித்து நூலகங்களுக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். ஆனால் தெருவிளக்கு, குழாய், குப்பை வண்டி என்று கையில் இருக்கிற செலவெல்லாம் போன பிறகுதான் அவர்களுக்கு நூலகத்தின் நினைப்பு வரும். சில வருடங்கள் அதுவும் வராது. தெருவிளக்கு எரியாவிட்டால் ஜனங்கள் கமிஷனர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். நூலகத்துக்குப் பத்திரிகை வரவில்லை என்று யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

அப்படி ஒரு வருடம் பணம் வராமல் போனபோது எங்கள் மேலதிகாரி ஆய்வாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆளுக்கொரு கிளையைக் கைகாட்டவேண்டும், அதை மூடி அந்தச் செலவில் மற்றவற்றை ஓட்டவேண்டும் என்றார். எதைக் கைகாட்டுவது என்பதற்கு ஒரே அளவுகோல்தான். எத்தனை பேர் வந்தார்கள்? அருங்காட்சியகமாக இருந்தால் கிழித்த டிக்கெட்டு அதைச் சொல்லிவிடும். நூலகத்துக்கு டிக்கெட்டு கிடையாது. வாசலில் கிடக்கும் வருகைப் பதிவேட்டில் வாசகர் தன் கையால் போடும் கையெழுத்துதான் கணக்கு.

என் சரகத்தில் இரண்டு கிளைகள் ஆட்டம் கண்டுகொண்டிருந்தன. ஒன்று திருப்பதிப் பக்கத்தில். அங்கே சுவரில் ஈரம், அலமாரியில் கரையான். வருகிற ஒன்றிரண்டு பேரும் வெயிலுக்கு ஒதுங்க வருகிறவர்கள். மற்றது இந்த நகரிப் பக்கத்துக் கிளை. நியாயமாகப் பார்த்தால் எதை மூடவேண்டும் என்பதில் சந்தேகமே இருந்திருக்கக்கூடாது.

இங்கே என்னைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையில், குடிபாலா பக்கம். வீட்டில் தமிழ். பள்ளிக்கூடம் தெலுங்கு. கல்லூரி வேலூரில். தமிழை ஒழுங்காக எழுதப் படிக்கக் கற்றது அங்கேதான். வேலைக்கு வந்த பிறகு அந்தத் தமிழை நான் அலுவலகத்துக்குள் கொண்டுபோகவே இல்லை. யாரும் தடுக்கவில்லை. யாரும் மட்டமாக நடத்தவும் இல்லை. நானாகத்தான் ஒளித்துவைத்தேன். ஊரிலிருந்து நைனா, என் அப்பா, போன் செய்தால் வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவேன். என் தெலுங்கைக் கேட்டால் சுத்தத் தெலுங்குக்குப் பேர்போன கிருஷ்ணா ஜில்லாக்காரர் என்று நினைப்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, என்னோடு வேலை பார்த்த ஆய்வாளர் ஒருவர் தோளில் கைபோட்டு, “மீ வாள்ளனி காப்பாடுகோ, அண்ணா” என்றார். உங்கள் ஆட்களைக் காப்பாற்றிக்கொள் என்று அர்த்தம். நகரிப் பக்கத்து நூலகத்துக்கு வருகிறவர்கள் முக்கால்வாசி தமிழ் பேசுகிற நெசவாளிகள். எங்கள் ஆட்கள். அவர் தமாஷாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதை மூடுவது என்று முடிவுசெய்தது அந்தச் சிரிப்பில்தான். பேருந்து ஏறிப் போய்ப் பார்த்ததெல்லாம் பிறகு.

நூலகம் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். பகுதிநேர வேலை, தொகுப்பூதியம். நான் போனபோது மதியம். அவர் தமிழில் வாங்க சார் என்றார். நான் தெலுங்கில் பதிவேட்டைக் கேட்டேன்.

பதிவேட்டில் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது பெயர்கள் இருந்தன. எல்லாம் ஒரே கையெழுத்து. உருண்டு திரண்ட, அழகான கையெழுத்து.

“இது யார் எழுதியது?” என்று தெலுங்கில் கேட்டேன்.

“நான்தான் சார்,” என்றார் அவர், தமிழிலேயே. கொஞ்சமும் தயங்கவில்லை. “வர்றவங்க அல்லாம் சாயப் பட்டறை ஆளுங்க. நூலு நனைச்சி நனைச்சி கையி பச்சையும் நீலமுமா இருக்கும். பேனாவ புடிச்சா பேனா கெட்டுது, நோட்ட தொட்டா நோட்டு கெட்டுது. அதான் அவங்க பேரு சொல்லுவாங்க, நான் எழுதிக்கினு வருவேன்.”

“கட்டைவிரல் ரேகையாவது வைக்கச் சொல்லலாமே. அதற்குச் சாயமே போதுமே?”

“சொன்னேன் சார். ‘நாங்க இன்னா படிக்காத ஜனமா, ரேகை வெக்க? பேப்பர் படிக்க வந்தவன கைநாட்டுன்னு சொல்றியே’ன்னு கோவிச்சிக்கினு ரெண்டு நாளு யாரும் வரல. நானே போய் இட்டுக்கினு வந்தேன்.”

சுவரில் ஒரு மரச்சட்டம் மாட்டியிருந்தது. தமிழ்ப் பத்திரிகை ஒன்று திருத்தணியிலிருந்து காலைப் பேருந்தில் வரும். அதை விரித்துச் சட்டத்தில் செருகிவைத்திருந்தார். தொடாமலே நின்று படிக்கலாம். பக்கம் முடிந்தால் அவர் வந்து திருப்புவார். தெலுங்குப் பத்திரிகைகள் மேஜைமேல் கிடந்தன. இந்தச் சட்டம் எந்த விதியிலும் இல்லாதது. யார் செய்து கொடுத்தார்கள் என்று கேட்டேன். தறிக்கு மரவேலை செய்கிறவர் ஒருவர் பழைய தறிக்கட்டையில் செய்தாராம்.

கிளம்பிவிடலாம் என்றுதான் எழுந்தேன். “சாப்ட்டீங்களா சார்? ஒரு வாய் சோறு துன்னுட்டு போங்க. நாலு மணிக்கு நூலு காயப்போட்டுட்டு வருவாங்க. பாத்துட்டே போங்க,” என்றார். சோறு வேண்டாம் என்றேன். ஆனால் உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். வரும்போதே கைகளை உடம்பில் படாமல் அகட்டி வைத்துக்கொண்டு வந்தார்கள். முழங்கைவரை சாயம். ஒருவருடைய கைகள் மஞ்சள், இன்னொருவருடையது கருநீலம். வாசலில் நின்று பெயர் சொல்லிவிட்டு உள்ளே வந்து சட்டத்தின் முன்னால் கூடினார்கள். முன்வரிசையில் குள்ளமானவர்கள், பின்னால் உயரமானவர்கள். பேச்சு இல்லை. கொஞ்சநேரம் கழித்து ஒருவர், “ஆச்சா?” என்றார்.

“எனக்கு ஆச்சி.”

“எனக்கும்.”

“இரு இரு, மாமா இன்னும் எழுத்து கூட்டிக்கினு கீறாரு.”

“டேய், நீ மேலோட்டமா மேயற. நான் படிக்கிறேன். ரெண்டும் ஒண்ணா?” என்றார் அந்த மாமா, கண்ணை எடுக்காமல்.

நூலகப் பெண்மணி உள்ளறையில் ஒரு அம்மாளுக்குப் புத்தகம் தேடிக்கொண்டிருந்தார். மாமா முடித்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான் இருந்தேன். ஒருவர் என் கைகளைப் பார்த்தார். நான் தெலுங்குக்காரன் என்று நினைத்து, “கொஞ்சம் திப்பண்டி சார்” என்றார். எழுந்து போய்ப் பக்கத்தைத் திருப்பினேன். “இவராச்சும் மெல்லமா திருப்பறாரா பாப்போம், நேத்து ஒருத்தரு இழுத்து கிழிச்சிட்டாரு,” என்று மாமா தமிழில் சொன்னார், எனக்குப் புரியாது என்கிற தைரியத்தில். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மறுபடியும் திருப்பினேன். மறுபடியும். அவர்களோடு நின்று நானும் படித்தேன். மாமா முடிக்கும்வரை நானும் காத்திருந்தேன். அந்த அரைமணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் மறைக்கக்கூடாது.

மறுநாள் சித்தூரில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். கட்டடம் வாடகைக் கட்டடம், இடம் போதாது. புத்தகங்கள் பழையவை, இரவல் குறைவு. வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்கள் அனைத்தும் ஒரே கையால் எழுதப்பட்டவை. இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டேன். ஆனால் இவை மூன்றை மட்டும் வைத்து ஒரு கிளையை மூடமுடியாது. அந்தப் பெண்மணிக்கு ஓர் எச்சரிக்கை போகும், அவ்வளவுதான். அப்புறம் திருப்பதிப் பக்கத்துக் கிளையைத்தான் கைகாட்டவேண்டிவரும். உங்கள் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டாயா என்று தோளில் கைபோட்ட அந்த ஆய்வாளர் கேட்பார். பேனாவைத் திறந்து நான்காவதை எழுதினேன். ஆய்வின்போது வாசகர் எவரும் இல்லை.

மூன்றாவது வாக்கியத்துக்குப் பக்கத்தில் அது வந்து உட்கார்ந்ததும் மூன்றாவதும் கெட்டுவிட்டது. ஆளே வராத இடத்தில் ஒரு பெண் தினமும் நாற்பது பொய்ப்பெயர்களை எழுதிவந்தாள் என்று ஆகிவிட்டது.

அந்த ஆய்வாளர் அறிக்கையைப் படித்துவிட்டு, “பரவால்லண்ணா, சொந்த ஜனம்னு பாக்கல நீ,” என்று தெலுங்கில் சொன்னார். அந்தப் பாராட்டுக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

சில வாரங்களில் கிளையை மூடினார்கள். புத்தகங்கள் கோணிப்பையில் கட்டப்பட்டுச் சித்தூர்க் கிடங்குக்கு வந்தன. வேறு கிளையில் வேலை கேட்டு அந்தப் பெண்மணி விண்ணப்பித்தார். பொய்ப்பதிவு செய்தவர் என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். வராந்தாவில், நான் நைனாவோடு போன் பேசுகிற அதே இடத்தில் நின்றுகொண்டு, “நீங்க பாத்தீங்களே சார்,” என்றார்.

“ரூல்ஸ் அலா உன்னாயம்மா,” என்றேன். விதி அப்படி இருக்கிறது அம்மா, என்று. தெலுங்கில்.

அவர் அழவில்லை. சத்தம் போடவில்லை. படியிறங்கிப் போனார். நான் உள்ளே வந்து தேநீர் குடித்தேன்.

நான் ஓய்வுபெற்றுத் திருப்பதியில் குடியேறி வருடங்கள் ஆகின்றன. மாவட்டமே பிரிந்துவிட்டது. போன வருடம் என் தங்கை பேரனுக்குத் திருச்சானூரில் கல்யாணம். வெளியூர் ஆட்களுக்கு அறை பார்க்க ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு லாட்ஜுக்குள் நுழைந்தேன். வரவேற்பு மேஜையில் அந்த நூலகப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. நான் அடையாளம் தெரிந்துகொள்வதற்கு முன் அவர் தெரிந்துகொண்டார். அறை எத்தனை, எந்தத் தேதி என்று எல்லாம் விசாரித்துவிட்டு, நோட்டை என் பக்கம் தள்ளினார்.

“கையெழுத்து நீங்களே போடுங்க சார். நான் போட்டா செல்லாது.”

போட்டேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருடைய தம்பி இன்னும் அந்த ஊர்ச் சாயப் பட்டறையில் இருக்கிறாராம். ஊர்க்காரர்கள் சேர்ந்து, கிளையை மறுபடி திறக்கவேண்டும், வரி இன்றைக்கும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று மனு கொடுத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் இவர்தான். அதற்கு வந்த பதில் அந்தக் காகிதம். முந்தைய ஆய்வில் வாசகர் எவரும் இல்லை எனத் தெரியவந்துள்ளதால் நிதி ஒதுக்க இயலாது.

என் வாக்கியம். தெலுங்கில் நான் எழுதியது அப்படியே இருந்தது. ஒரு சொல்கூட மாறவில்லை.

“அந்த மரச்சட்டத்த பட்டறை வெளிச்செவுத்துல மாட்டி இன்னும் படிச்சிக்கினுதான் சார் கீறாங்க. பேப்பருக்கு அவங்களே காசு போடறாங்க. மழை வந்தா மட்டும் இல்ல,” என்றார். “நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க. ஆளுங்கள பாத்தேன்னு. அது போதும்.”

“ஆகட்டும்மா,” என்றேன். இந்தமுறை தமிழில்.

எழுதவில்லை. மூன்று மாதம் எழுதவில்லை. கல்யாணம் முடியட்டும் என்றேன். பிறகு முழங்கால் வலி. பென்ஷனுக்கு ஏதாவது ஆகுமோ என்று தெரிந்த வக்கீல் ஒருவரிடம், வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒன்றும் ஆகாது என்றார். அந்தச் சாக்கும் போனது. மிச்சம் இருந்தது வெட்கம் மட்டும்தான். சொந்த ஜனம் என்று பார்க்காதவன் என்று என்னைப் பாராட்டிய அதே மனிதர், ஓய்வுபெற்று, காலையில் என்னோடு நடக்க வருகிறார். அவருக்குத் தெரிந்துவிடும். இவ்வளவுதான் என் பயம். ஒரு ஊர் மழையில் பத்திரிகை படிக்கமுடியாமல் இருந்ததற்கு எதிர்த்தட்டில் இதைத்தான் வைத்திருந்தேன்.

ஒருநாள் அந்தப் பெண்மணியே போன் செய்தார். “சார், வர்ற வருசத்துக்கு எந்த எந்த கிளைக்கு பணம்னு இந்த மாசக் கடைசில முடிவு பண்றாங்களாம். எழுதலன்னா எழுதலன்னு சொல்லிடுங்க. வேற வழி பாக்கறோம். காத்துக்கினு இருக்கறதுதான் கஷ்டமா இருக்குது.”

மறுநாள் எழுதி எடுத்துக்கொண்டு திருச்சானூர் போனேன். நல்ல தெலுங்கு. மரியாதையான கடிதம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நடுவில் ஒரு குடும்பம் வந்து சாவி கேட்டது. “வெந்நீர் காலைல அஞ்சுலருந்து எட்டு மட்டும்தான். அப்பறம் பைப்ப தொறந்துட்டு என்ன திட்டக்கூடாது,” என்று அனுப்பிவிட்டு மறுபடி படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“‘வாசகர்களைக் கவனிக்கத் தவறிவிட்டேன்’னு எழுதிக்கீறீங்க.”

“ஆமா.”

“கவனிக்கலியா? நீங்கதானே சார் பேப்பர திருப்பினீங்க. நான் உள்ளருந்து பாத்துக்கினு இருந்தேன்.”

கடிதத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

“இத குடுத்தா இன்னா சொல்லுவாங்க? பெரியவருக்கு கண்ணு சரியில்ல, அன்னிக்கு பாக்கல, பாவம்னு சொல்லுவாங்க. உங்களுக்கு நல்லது. எனக்கு இன்னா? நான் அப்பவும் பொய்க்காரிதான.” கோபமாகச் சொல்லவில்லை. அறை வாடகை சொல்வதுபோலச் சொன்னார்.

லாட்ஜின் வெள்ளைத்தாள் ஒன்றை அவர்தான் கொடுத்தார். மேஜையின் ஓரத்தில் நின்றுகொண்டே எழுதினேன். ஆய்வு நாளன்று பத்துப் பன்னிரண்டு வாசகர்கள் வந்தார்கள். கைகளில் சாயம் இருந்ததால் அவர்கள் சொன்ன பெயர்களை நூலகப் பொறுப்பாளர் எழுதினார். அவர்கள் கேட்டுக்கொண்டதால் நானே பத்திரிகையின் பக்கங்களைத் திருப்பினேன். இது தெரிந்தே வாசகர் எவரும் இல்லை என்று பொய் எழுதினேன். அந்தப் பெயர்கள் உண்மையானவை. படித்துக் காட்டவா என்றேன். வேண்டாம் என்று அவரே வாங்கிப் படித்தார். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குச் சாவி எடுக்கத் திரும்பினார்.

சித்தூரில் என் பழைய அலுவலகத்தில் என்னைத் தெரிந்தவர் எவரும் இல்லை. எழுத்தர் ஓர் இளைஞர். கடிதத்தை இரண்டுமுறை படித்தார்.

“சார், ஒண்ணு புரியல,” என்றார் தெலுங்கில். “அப்ப பொய் சொன்னீங்களா, இப்பப் பொய் சொல்றீங்களா? ரெண்டும் உங்க கையெழுத்துதான்.”

“அப்ப.”

“எதுக்கு?”

“நான் தமிழ்க்காரன். தமிழ்க்காரங்களுக்குச் சாதகமா எழுதிட்டேன்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு.”

அவர் கடிதத்தைக் கீழே வைத்தார். “எவரைனா அன்னாரா?” என்றார். யாராவது அப்படிச் சொன்னார்களா?

யோசித்துப் பார்த்தால், சொல்லவில்லை. ஒரு தமாஷ். அவ்வளவுதான். அதைச் சொன்னேன். அவர் முத்திரை குத்தி, ஒப்புகையைக் கிழித்துக் கொடுத்தார். பழைய அறிக்கையை மாற்றமுடியாது, கோப்பில் இதையும் சேர்த்து மேலே அனுப்பமுடியும் என்றார். மறுநாள் காலை நடையில் அந்த நண்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அந்தத் தமாஷே நினைவில்லை. அப்படியா சொன்னேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நகரி நூலகமும் நினைவில்லை.

மாதம் முடிவதற்கு ஐந்தாறு நாள் முன்னால் ஒரு போன் வந்தது. இப்போதைய ஆய்வாளர். பெண் குரல். கோப்பைப் பார்த்ததாகவும், நேரில் போய்ப் பார்க்கச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். எந்த நேரத்தில் போனால் ஆட்கள் இருப்பார்கள் என்று கேட்டார்.

“நாலு மணிக்குப் போங்கம்மா. நூலக் காயப்போட்டுட்டு வருவாங்க. அதுக்கு முன்னால போனா மரச்சட்டம் மட்டும்தான் இருக்கும்.”

“நீங்களும் வர்றீங்களா சார், இடம் காட்ட?”

வரவில்லை என்றேன். பட்டறைத் தெரு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நான் பக்கத்தில் நின்றால் அந்த ஆய்வாளர் வாசகர்களை விட்டுவிட்டு என்னைத்தான் பார்ப்பார்.

அவர் போய்வந்தார் என்று தெரியும். நிதி ஒதுக்கினார்களா என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை. ஒதுக்கினாலும் அந்தப் பெண்மணிக்கு வேலை திரும்பக் கிடைக்காது. வயது தாண்டிவிட்டது. பொய்ப்பதிவு செய்தவர் என்று அவர் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததை மட்டும் நீக்கி உத்தரவு வந்திருக்கிறது. அதன் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். அவரிடமிருந்து போன் வரவில்லை. வரவேண்டிய காரணமும் இல்லை.